பலகை ஆட்டங்களுக்கு நியூரல் நெட் பயிற்சி: எந்த மென்பொருள், எந்தக் கார்டு?

கோ, செஸ், ஒதெல்லோ, ஹெக்ஸ் மாதிரி ஒரு பலகை ஆட்டத்துக்கு ஆல்பாஜீரோ (தன்னோடு தானே ஆடிக் கற்ற டீப்மைண்ட் நிறுவனத்தின் புரோகிராம்) பாணியில் சொந்தமாக ஒரு நியூரல் நெட்டைப் பயிற்றுவிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) வாங்கலாம்? என்னைக் கேட்டால் அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆட்டம், எவ்வளவு பெரிய பலகை என்பது முதலில். எந்த மென்பொருள் என்பது அடுத்து. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கார்டு விஷயம் பாதி முடிந்த மாதிரி, பல பேருக்கு ஏற்கெனவே கையில் இருக்கும் கார்டே போதும் என்றும் தெரியவரும்.

அவசரமாக இருப்பவர்களுக்கு என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோ, அல்லது கோ மாதிரி கல் வைக்கும் ஆட்டம் என்றால் காட்டாகோ என்ற கோ புரோகிராம். நீங்களே உருவாக்கிய புது ஆட்டம், விதிகள் எளிது, பலகை சின்னது என்றால் ஜாக்ஸில் (ஜிபியுவில் கணக்குப் போடும் பைத்தான் நூலகம்) எழுதிய எம்சிடிஎக்ஸ் என்ற தேடல் தொகுப்பு. செஸ் என்றால் ஆல்பாஜீரோவை மறந்துவிட்டு என்என்யுஇ (சிபியுவிலேயே வேகமாக ஓடும் நெட் வகை) பக்கம் போங்கள். கார்டு, டென்சர் கோர் (நெட் கணக்கை வேகமாகச் செய்யும் பகுதி) உள்ள என்விடியா எதுவானாலும் சரி, தொடங்குவதற்கு 12 ஜிபி மெமரி தாராளம். இனி வருவதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கமும் கொஞ்சம் புலம்பலும்.

முதலில் ஒரு கணக்கு. 9×9 கோ, 10 பிளாக் (அடுக்குத் தொகுதி), 128 சேனல் (ஒவ்வொரு அடுக்கின் அகலம்) உள்ள ரெசிடுவல் நெட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு 3×3 கன்வல்யூஷன் (பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும் அடுக்கு), ஆக மொத்தம் சுமார் 30 லட்சம் எடைகள், அதாவது பயிற்சியில் மாறும் எண்கள். எஃப்பி32-ல் (ஒரு எண்ணுக்கு 4 பைட்) வைத்தாலும் 12 எம்பி. ஆல்பாஜீரோ அளவுக்கு 20 பிளாக், 256 சேனல் என்று போனாலும் இரண்டரைக் கோடிக்குள் அடங்கிவிடும். மொழி மாடல் ஓட்டுகிறவர்கள் 24 ஜிபி பற்றவில்லை, 48 வேண்டும் என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு நமக்கும் அதே பயம் தொற்றிக்கொள்கிறது. பலகை ஆட்டத்தில் அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை, ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர, அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, அப்படியென்றால் நேரம் எங்கே போகிறது? செல்ஃப்பிளேயில். அதாவது நெட் தன்னோடு தானே ஆடி, தனக்கு வேண்டிய பயிற்சித் தரவைத் தானே உண்டாக்கிக்கொள்வதில். 9×9-ல் ஒரு ஆட்டம் சுமார் 60 நகர்த்தல், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தேடல் மரத்தில் (நகர்த்தல், பதில் நகர்த்தல் என்று கிளைக்கும் வழிகளில்) 600 நிலைகளை மதிப்பிடுகிறோம் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 36,000 மதிப்பீடு. ஒரு லட்சம் ஆட்டத்துக்கு 360 கோடி. இந்த ஒரு லட்சம் ஆட்டத்திலிருந்து கிடைக்கும் தரவு 60 லட்சம் நிலைகள். ஒவ்வொன்றையும் நான்கு முறை பயிற்சிக்குப் பயன்படுத்தினாலும் 2.4 கோடி, பயிற்சியில் பின்னோக்கிய கணக்கும் சேர்வதால் மூன்று மடங்கு செலவு என்று பிடித்தால் 7.2 கோடி. 360-க்கு எதிரே 7! பயிற்சி என்று நாம் பெயர் வைத்திருக்கும் வேலை மொத்தச் செலவில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆல்பாஜீரோவுக்கு டீப்மைண்ட் பயன்படுத்தியதைப் பார்த்தாலும் இதே கதைதான்: ஆட்டங்களை உண்டாக்க முதல் தலைமுறை டிபியு (நெட் கணக்குக்கென்றே கூகுள் செய்த சில்லு) 5,000, நெட்டைப் பயிற்றுவிக்க இரண்டாம் தலைமுறை டிபியு 64 என்றுதான் 2017-ல் வந்த கட்டுரையில் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி சில்லு இல்லை, ஆனாலும் எந்தப் பக்கம் எடை அதிகம் என்று புரிகிறதல்லவா.

அதனால் கார்டு, மென்பொருள் எதைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: நொடிக்கு எத்தனை நிலைகளை மதிப்பிடும்? மேலே சொன்ன 360 கோடியை நொடிக்கு 20,000 வீதம் முடித்தால் 50 மணி நேரம். அதே கார்டில், அதே நெட்டில், மரத் தேடலைப் பைத்தானில் எழுதி ஒரு நிலை முடிந்த பிறகு அடுத்த நிலை என்று அனுப்பி நொடிக்கு 500 என்று ஓட்டினால் 83 நாள். இந்த 40 மடங்கு வித்தியாசத்தை எந்தக் கார்டும் ஈடு கட்டாது. ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஓட்டி, எல்லாவற்றின் கேள்விகளையும் ஒரே பேட்சாக, அதாவது ஒரே கட்டாகச் சேர்த்து ஜிபியுவுக்கு அனுப்பும் மென்பொருளா, இல்லையா என்பதுதான் முக்கியம். ஒவ்வொன்றாக அனுப்புவது, ஐம்பது பேர் உட்காரும் பேருந்தில் ஒரே ஒருவரை ஏற்றிக்கொண்டு திரும்பத் திரும்பப் போய் வருவது மாதிரி.

இந்த விஷயத்தில் காட்டாகோவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதை உருவாக்கிய டேவிட் வூ 2019-ல் வெளியிட்ட கட்டுரையின் முக்கியச் செய்தியே சிக்கனம்தான்: ஃபேஸ்புக்கின் எல்ஃப் ஓப்பன்கோ என்ற கோ புரோகிராம் 2,000 ஜிபியுவை வைத்து எட்டிய பலத்தை, 30-க்கும் குறைவான ஜிபியுக்களில் 19 நாளில் தாண்டியது. கணக்கிடும் செலவில் சுமார் 50 மடங்கு மிச்சம். இதில் வன்பொருள் மாயம் எதுவும் இல்லை, வழிமுறைகள்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது தேடல் அளவை ஆட்டத்துக்குள்ளேயே மாற்றும் உத்தி. நான்கில் ஒரு நகர்த்தலுக்கு மட்டும் ஆழமான தேடல், மற்றவற்றுக்கு மேலோட்டமான தேடல். கட்டுரையில் தொடக்க அளவு 600-ம் 100-ம். சராசரி போட்டால் ஒரு நகர்த்தலுக்கு 225 மதிப்பீடு, நம் 36,000 அப்படியே 13,500 ஆகிவிடுகிறது. எந்த நகர்த்தல் நல்லது என்று கற்பிக்கும் தரவு ஆழமாகத் தேடிய நிலைகளிலிருந்து மட்டுமே எடுக்கப்படும், ஆகவே அந்தத் தரவு குறையும். ஆனால் யார் ஜெயித்தார் என்ற தகவல் ஒரு ஆட்டத்துக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்பதால், அதே செலவில் கூடுதல் ஆட்டங்கள் கிடைப்பது பெரிய லாபம். அப்புறம், பலகையின் ஒவ்வொரு புள்ளியும் கடைசியில் யாருக்குச் சொந்தமாகும், எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதையும் சேர்த்தே நெட்டுக்குக் கற்றுக்கொடுப்பது. ஜெயித்தாய், தோற்றாய் என்று மட்டும் சொல்வதைவிட எங்கே ஜெயித்தாய் என்று சொன்னால் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. ஒரே நெட்டைப் பல அளவுப் பலகைகளில் பயிற்றுவிக்கலாம் என்பதும் சின்ன வசதி இல்லை: 7×7, 9×9 என்று தொடங்கி மெல்ல மேலே போகலாம்.

புகழ்ந்தது போதும், குறைகளுக்கு வருகிறேன். காட்டாகோவை வைத்து ஆடுவது எளிது, பயிற்றுவிப்பது எளிதில்லை. செல்ஃப்பிளே ஒரு புரோகிராம், தரவைக் கலைத்துப் போடுவது இன்னொன்று, பயிற்சி, நெட்டை ஏற்றுமதி செய்வது, புது நெட் பழையதைவிடப் பரவாயில்லையா என்று பார்க்கும் வாயிற்காவலன், என்று ஐந்து உருப்படிகள் தனித்தனியாக ஓடி ஃபோல்டர்கள் வழியாகப் பேசிக்கொள்ளும். பல மெஷின்களுக்கு அருமையான அமைப்பு, ஒரே மெஷின் வைத்திருப்பவருக்குத் தலைவலி. நல்லவேளையாக எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது, அதிலிருந்தே தொடங்குங்கள், லினக்ஸில்.

கம்பைல் செய்யும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. லிப்ஜிப் என்ற ஜிப் கோப்பு நூலகம் இல்லாமல் கம்பைல் செய்தால் பயிற்சித் தரவை எழுத முடியாது. டிசிமல்லாக் என்ற மெமரி ஒதுக்கும் நூலகத்தைச் சேர்க்காமல் விட்டால் நிறையத் திரெட்களோடு நாள்கணக்கில் செல்ஃப்பிளே ஓடும்போது மெமரி துண்டு துண்டாகிக் கடைசியில் ரேம் முழுவதையும் தின்றுவிடும். இரண்டும் ஆவணத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் ஆவணத்தை யார் முழுதாகப் படிக்கிறார்கள்!

நெட்டை ஓட்டும் பின்னணி எஞ்சினாக ஓப்பன்சிஎல், குடா, டென்சர்ஆர்டி, வெறும் சிபியுவுக்கு ஐகன் என்று நான்கும், ஆப்பிள் மெஷின்களுக்கு மெட்டலும் உண்டு. புதிய என்விடியா கார்டு என்றால் பொதுவாக டென்சர்ஆர்டிதான் வேகம், நிறுவுவதில் பதிப்புப் பொருத்தம் பார்ப்பது மட்டும் எரிச்சல். ஓப்பன்சிஎல் எங்கும் ஓடும், முதல் முறை ஓடும்போது கார்டுக்கு ஏற்றபடி தன்னைத்தானே சீர்செய்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும், உறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

கோவைத் தவிர வேறு ஆட்டம் என்றால்? விதிகளைச் சி++ குறியீட்டுக்குள் போய் மாற்ற வேண்டும், உள்ளீட்டுத் தளங்களையும் (பலகை நிலையை நெட்டுக்குக் காட்டும் கட்டங்கள்) சேர்த்து. நல்ல சுத்தமான குறியீடுதான், இருந்தாலும் கோவுக்கென்றே எழுதியது ஒவ்வொரு மூலையிலும் தெரியும். கோமோக்கு, ஹெக்ஸ் போன்றவற்றுக்குக் காட்டாகோமோ என்ற கிளை இருக்கிறது, உங்கள் ஆட்டம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் அதைப் பார்க்காமல் புதிதாக ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

ஆல்பாஜீரோ வழியில் போகும் செஸ் புரோகிராமான லீலா செஸ் ஜீரோவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. எஞ்சின் அருமை, ஆனால் அதன் பயிற்சி அமைப்பு, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் ஜிபியு நேரம் கொடுக்கும் ஒரு பெரிய கூட்டு முயற்சிக்காக அமைந்தது. தனியாள் செஸ்ஸைச் சுழியத்திலிருந்து தொடங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆல்பாஜீரோவுக்கே செஸ்ஸில் 4 கோடியே 40 லட்சம் ஆட்டங்கள் ஆனது, ஒரு நகர்த்தலுக்கு 800 மதிப்பீடு வீதம். லீலா ஆட்கள் தங்கள் பயிற்சித் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள், அதை எடுத்து உங்கள் சொந்த நெட் வடிவத்தைப் பயிற்றுவித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பைத்தானில் எழுதப்பட்ட ஆல்பாஜீரோ ஜெனரல் மாதிரியான சின்னத் திட்டங்கள் படிப்பதற்கு நன்றாக இருக்கும். ஒரு மாலையில் முழுவதையும் வாசித்துப் புரிந்துகொள்ளலாம். 6×6 ஒதெல்லோ, கனெக்ட் ஃபோர் வரைக்கும் ஓட்டலாம். அதற்கு மேல் போகாதீர்கள், காரணம் மேலே சொன்ன அதே பேருந்து. இந்த வகைத் திட்டத்தை ஓட்டிக்கொண்டு "ஜிபியு 5 சதவீதம்தான் வேலை செய்கிறது, பெரிய கார்டு வாங்கலாமா" என்று கேட்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பெரிய கார்டில் அது 2 சதவீதம் ஆகும், அவ்வளவுதான்.

டீப்மைண்டின் ஓப்பன்ஸ்பீல் வேறு ரகம். எக்கச்சக்கமான ஆட்டங்கள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, சீட்டாட்டம் உட்பட. ஆட்ட விதிகளுக்கான நூலகமாக அதை மனதாரப் பரிந்துரைப்பேன். அதில் உள்ள ஆல்பாஜீரோ இரண்டு வடிவங்களில் வருகிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: பைத்தான் வடிவம் பேட்ச் சேர்ப்பதில்லை, சிபியுவிலேயே எல்லாவற்றையும் செய்யும், சி++ வடிவம்தான் திரெட்கள் வைத்து, பேட்ச் சேர்த்து, ஜிபியுவுக்கு அனுப்பும். பைத்தான் வடிவத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ஓப்பன்ஸ்பீல் மெதுவானது என்று எழுதுகிறவர்கள் நிறைய.

இப்போது எனக்கு மிகவும் உற்சாகம் தருவது ஜாக்ஸ் பக்கம். பிஜிஎக்ஸ் என்ற நூலகம் கோ, செஸ், ஷோகி, ஒதெல்லோ, ஹெக்ஸ் எல்லாவற்றின் விதிகளையும் ஜிபியுவிலேயே ஓடும்படி எழுதியிருக்கிறது, எம்சிடிஎக்ஸ் மரத் தேடலையும் ஜிபியுவிலேயே செய்கிறது. சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் இடையே ஓட்டமே கிடையாது. ஆயிரம் ஆட்டங்கள் ஒரே தாளத்தில் நகரும், பார்க்கவே அழகு. கூடவே எம்சிடிஎக்ஸில் கம்பெல் தேடலும் வருகிறது, 2022-ல் வந்த வழிமுறை, நகர்த்தலுக்கு நூற்றுக்கணக்கான மதிப்பீடு இல்லாமல் பதினாறு, முப்பத்திரண்டு என்று வைத்தாலும் நெட் முன்னேறும். ஜிபியு நேரம் குறைவாக உள்ள தனியாளுக்கு இதைவிட முக்கியமான உத்தி இந்தப் பத்தாண்டில் வரவில்லை என்பது என் கருத்து, சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான். தேடல் மரம் முழுவதும் கார்டின் மெமரியில் இருப்பதால், ஒரு நிலைக்கு 10 கேபி என்று வைத்துக்கொண்டு 4,096 ஆட்டங்கள், தலா 800 மதிப்பீடு என்று கேட்டால் 32 ஜிபிக்கு மேல் போய்விடும். கம்பெல் தேடலில் 32 மதிப்பீடு என்றால் அதுவே 1.3 ஜிபி. ஆக, ஜாக்ஸில் பெரிய பலகை, ஆழமான தேடல் இரண்டும் வேண்டும் என்பவர் மட்டும் 24 ஜிபி கார்டைப் பற்றி யோசிக்கலாம். இன்னொரு சிரமம், ஆட்ட விதிகளை ஜாக்ஸில் எழுதுவது. இஃப், ஃபார் என்று இஷ்டத்துக்கு எழுத முடியாது, எல்லா அர்ரேயும் நிலையான அளவில் இருக்க வேண்டும். சங்கிலிப் பிடிப்பு, தொடர் தாவல் போன்ற விதிகள் உள்ள ஆட்டத்தை இப்படி எழுதி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். விண்டோஸில் ஜிபியுவோடு நேரடியாக ஓடாது, டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வழியாகப் போக வேண்டும்.

செஸ்ஸுக்கு என்என்யுஇ என்று சொன்னேன். ஷோகிக்காக யூ நாசு 2018-ல் கொண்டுவந்த யோசனை, 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 என்ற செஸ் எஞ்சினில் வெளிவந்தது. முதல் அடுக்கு பெரியது (41,024 உள்ளீடுகள், 256 அகலம், ஒரு கோடி எடைகளுக்கு மேல்), ஆனால் எந்த நிலையிலும் அதில் முப்பது உள்ளீடுகள்தான் உயிரோடு இருக்கும், ஒரு காய் நகர்ந்தால் மாறுவது இரண்டு மூன்று மட்டும். அதனால் சிபியுவிலேயே முழு எண் கணக்காகப் பறக்கும். இங்கே வாங்க வேண்டியது தலைகீழாக மாறுகிறது: தரவு உண்டாக்குவது சிபியு வேலை, ஆக நிறைய கோர்கள் வேண்டும், பயிற்சிக்கு நடுத்தரக் கார்டு ஒன்று போதும். ஸ்டாக்ஃபிஷ் குழுவின் பைடார்ச் பயிற்சித் தொகுப்பும், ரஸ்ட்டில் எழுதப்பட்ட புல்லட்டும் இரண்டுமே நல்லவை. சொந்தமாக எஞ்சின் எழுதுகிறவர் என்றால் புல்லட் பக்கம் சாய்வேன், நெட் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது அதில் சுலபம். செஸ் மட்டும் என்று இல்லை, ஒரு நகர்த்தலில் பலகை அதிகம் மாறாத எந்த ஆட்டத்துக்கும் இந்த வழியை முயன்று பார்க்கலாம். ஒரே நகர்த்தலில் பத்துக் காய்கள் நிறம் மாறும் ஒதெல்லோவில் ஆதாயம் குறைவு.

இனி கார்டு. தேவை ஒன்றே ஒன்று, டென்சர் கோர். எஃப்பி16-ல் (2 பைட் எண்களில்) கன்வல்யூஷனை வேகமாகச் செய்யும் வசதி. 2017-ல் வோல்டாவில் வந்தது, வீட்டுக் கார்டுகளில் 2018-ல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து. அதற்கு முந்தைய பாஸ்கல் தலைமுறை வேண்டவே வேண்டாம். குறிப்பாக டெஸ்லா பி40. 24 ஜிபி, பழைய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கிறார்கள், மொழி மாடல்காரர்கள் விரும்பி வாங்கினார்கள், அதைப் பார்த்து நம் ஆட்களும் வாங்குகிறார்கள். அதில் டென்சர் கோர் கிடையாது, எஃப்பி16 வேகம் எஃப்பி32 வேகத்தில் 64-ல் ஒரு பங்கு, ஃபேன்கூட இல்லை, சர்வர் பெட்டியின் காற்றோட்டத்தை நம்பிப் பிறந்த கார்டு. நமக்குத் தேவையில்லாத மெமரி நிறைய இருக்கும், தேவையானது ஒன்றுகூட இருக்காது.

ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியை, 170 வாட், நான் தயங்காமல் சொல்வேன், 9×9 கோ, ஹெக்ஸ், ஒதெல்லோ அளவுக்கு. பயன்படுத்திய 3090 கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் 24 ஜிபிக்காக இல்லை, அதன் வேகத்துக்காக. 350 வாட் இழுக்கும், மின் வரம்பை 280-க்கு இறக்கி வையுங்கள், வேகம் கொஞ்சம்தான் குறையும், அறையும் மின்கட்டணமும் நன்றி சொல்லும். 4090 என்றால் பிரமாதம், ஆனால் சின்ன நெட்டை வைத்து அதை நிரப்புவது பெரும்பாடு. 64 சேனல் நெட்டில் ஒவ்வொரு அடுக்கும் கண் சிமிட்டும் முன் முடிந்துவிடுவதால் கார்டு கணக்குப் போடும் நேரத்தைவிட அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் நேரம் அதிகம்.

ஒரு பெரிய கார்டா, இரண்டு சின்னக் கார்டா? பலகை ஆட்டத்துக்கு இரண்டு சின்னவை பெரும்பாலும் நல்ல முடிவு. ஒன்றில் செல்ஃப்பிளே நிற்காமல் ஓடும், இன்னொன்று பயிற்சியையும் மிச்ச நேரத்தில் செல்ஃப்பிளேயையும் பார்த்துக்கொள்ளும். கார்டுகள் தங்களுக்குள் பேசவே தேவையில்லை என்பதால் கார்டுகளை நேரடியாக இணைக்கும் என்விலிங்க் எல்லாம் வீண். மதர்போர்டில் இரண்டாவது ஸ்லாட்டில் தரவு போகும் பாதை நான்கு லேன்தான் என்றாலும் கவலை வேண்டாம்: காட்டாகோவின் 22 உள்ளீட்டுத் தளங்கள் 9×9-ல் ஒரு நிலைக்கு சுமார் 7 கேபி, நொடிக்கு 20,000 நிலைகள் என்றால் 140 எம்பி, அந்த ஸ்லாட்டுக்கு இது தூசு.

ஏஎம்டி வைத்திருப்பவர்கள் லினக்ஸில் பைடார்ச்சையும், ஓப்பன்சிஎல் வழியாகக் காட்டாகோவையும் ஓட்டலாம், ஆனால் இதற்கென்று புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் என்விடியாதான் தொல்லை குறைவு. மேக் வைத்திருந்தால் சோதனைக்குப் போதும், தொடர்ந்து பயிற்சி ஓட்ட நான் அதை நம்ப மாட்டேன்.

எல்லோரும் மறப்பது சிபியுவை. நொடிக்கு 50,000 மதிப்பீடு என்றால் நொடிக்கு 50,000 முறை மரத்தில் இறங்கி, சட்டப்படி எந்த நகர்த்தல்கள் உண்டு என்று பார்த்து, உள்ளீட்டைத் தயாரித்து அனுப்ப வேண்டும், இதெல்லாம் சிபியு தலையில்தான் விழுகிறது. சின்ன நெட், சின்னப் பலகை என்றால் இதுவே முட்டுக்கட்டையாகிவிடும். எட்டு கோருக்குக் கீழே போகாதீர்கள். ரேம் 32 ஜிபி, தரவைக் கலைக்கும்போது தேவைப்படும். டிஸ்க் என்விஎம்இயாக (வேகமான எஸ்எஸ்டி) இருக்கட்டும், அவ்வளவுதான்.

பலகை அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 9×9-லிருந்து 19×19-க்குப் போனால் ஒரு மதிப்பீட்டின் செலவு நாலரை மடங்கு, ஆட்டத்தின் நீளம் சுமார் நான்கு மடங்கு, ஆக ஒரு ஆட்டத்துக்கு இருபது மடங்குக்குப் பக்கமாக. போதாததற்கு ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூட வேண்டும். 3060-லிருந்து 4090-க்குத் தாவினாலும் இந்த இருபது மடங்கை ஈடுகட்ட முடியாது. முழுப் பலகை கோவைத் தனியாகச் சுழியத்திலிருந்து தொடங்க ஆசைப்படுகிறவர்களை நான் தடுப்பதில்லை, 13×13-ல் ஒரு முறை செய்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

வன்பொருளில் ஒரு பங்கைச் சோதனை ஆட்டங்களுக்கும் ஒதுக்குங்கள். இரண்டு நெட்களை 100 ஆட்டம் மோதவிட்டால் கிடைக்கும் எலோ (ஆட்ட பலத்தின் அளவு) வித்தியாசத்தில் பிழை கிட்டத்தட்ட கூட்டல் கழித்தல் 70, நானூறு ஆட்டம் ஆடினாலும் 34. "நேற்றையதைவிட 20 எலோ முன்னேற்றம்" என்று நூறு ஆட்டத்தை வைத்துச் சொல்வதற்கு அர்த்தமே இல்லை. ஆல்பாஜீரோவுக்கு முந்தைய ஆல்பாகோ ஜீரோவில் புது நெட் 400 ஆட்டங்களில் 55 சதவீதம் ஜெயித்தால்தான் ஏற்றுக்கொண்டார்கள், ஆல்பாஜீரோவில் அந்தச் சோதனையையே கைவிட்டார்கள். நானும் வாயிற்காவலனை அணைத்துவிட்டு, இடைவெளி விட்டு அவ்வப்போது நிறைய ஆட்டங்களாக மோதவிடுவதையே விரும்புகிறேன். அமைப்பில் பிழை இருக்கிறதா என்று பார்க்க கனெக்ட் ஃபோரைப் போல வேறு எதுவும் உதவாது: 1988-லேயே தீர்க்கப்பட்ட ஆட்டம், முதலில் ஆடுபவர் நடுப் பத்தியில் தொடங்கினால் ஜெயிக்கலாம், உங்கள் நெட் சொல்வதைச் சரியான விடையோடு நிலைக்கு நிலை ஒப்பிடலாம். இதைச் செய்யாமல் நேராகப் பெரிய ஆட்டத்துக்குப் போனால், நெட் மெதுவாகக் கற்கிறதா, அல்லது வெற்றி தோல்வியின் குறி எங்கோ தலைகீழாக இருக்கிறதா என்று தெரியவே தெரியாது.

கடைசியாக வாடகை ஜிபியு. சொந்தமாக வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது நல்ல யோசனை, ஆனால் பட்டியலில் கார்டின் பெயரை மட்டும் பார்க்காமல் எத்தனை சிபியு கோர் தருகிறார்கள் என்று பாருங்கள். 4090-க்கு நான்கு கோர் என்று தருகிற இடங்கள் உண்டு, மொழி மாடலுக்கு ஓகே, செல்ஃப்பிளேக்கு உதவாது. இலவச நோட்புக் சேவைகளிலும் இதே கதை, கூகுள் கோலாபில் டி4 கார்டு கிடைக்கும், கூட வருவது இரண்டே மெய்நிகர் கோர், அங்கே ஓட்டுவதென்றால் எல்லாமே ஜிபியுவில் நடக்கும் ஜாக்ஸ் வழிதான் பொருந்தும். மலிவான, எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளப்படும் மெஷின்களுக்குச் செல்ஃப்பிளே பொருத்தமான வேலை, பாதியில் நின்றாலும் ஓடிக்கொண்டிருந்த ஆட்டங்கள் மட்டும்தான் போகும். ஆனால் நான் எடுத்த ஒரு சேவையில் மெஷினோடு டிஸ்க்கையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள், கேட்டால் விதிமுறையில் இருக்கிறது என்று பதில். அதனால் ஆட்டத் தரவை அவ்வப்போது வெளியே நகலெடுக்கும் ஸ்கிரிப்டை முதல் நாளே எழுதிவிடுங்கள். நெட் கோப்பை மட்டும் நகலெடுத்தால் போதாது, ஆட்டங்களே முக்கியம்: அவை இருந்தால் நாளைக்கு 10 பிளாக்கிலிருந்து 20 பிளாக்குக்குப் போகும்போது பெரிய நெட்டை அதே தரவில் முதலில் பயிற்றுவித்து, சின்ன நெட் விட்ட இடத்திலிருந்து செல்ஃப்பிளேயைத் தொடரலாம்.